பன்னாட்டு வெபினார்களும் நம் பயிற்சி ஆசிரியர்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டக் கல்வியியல் கல்லூரிகளில் 'பன்னாட்டு இணையவழிக் கருத்தரங்கு' நடந்ததாக மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி செய்தி வருகிறது. படத்தில் ஒரு திரை, திரையில் வெளிநாட்டுப் பேராசிரியர், முன்வரிசையில் தாளாளரும் முதல்வரும். அவர் ஒரு மணி நேரம் பேசுவார். நூறு பேர் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். கூகுள் படிவத்தை நிரப்பினால் மின்சான்றிதழ் வந்துவிடும். கல்லூரிகளைத் தரம்பிரிக்கும் 'நாக்' அமைப்புக்குத் தரும் அறிக்கையில் ஒரு வரி கூடும் என்பதால்தான் இவை இத்தனை நடக்கின்றன என்பது கல்லூரிக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும். இதில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் இதைப் பன்னாட்டுக் கூட்டுப்பயிற்சி என்று சொல்லிக்கொள்வதை ஏற்க முடியவில்லை. அடுத்த மாதம் ஆறாம் வகுப்பில் நின்று ஆங்கிலமோ தமிழோ நடத்தப்போகிற பி.எட். மாணவிக்கு அதிலிருந்து எதுவும் ஒட்டுவதில்லை.

கூட்டுப்பயிற்சி என்றால் இரண்டு நாட்டுப் பயிற்சி ஆசிரியர்கள் (ஆசிரியராகப் பயிலும் மாணவர்கள்) ஏழெட்டு வாரம் சிறு குழுக்களாகச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். ஒரே பாடத்தைத் திட்டமிட வேண்டும், அவரவர் வகுப்பில் நடத்திப் பார்க்க வேண்டும், எங்கே சறுக்கியது என்று ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். இது புதுச்சரக்கு அல்ல. நியூயார்க், மாஸ்கோ பள்ளிகளை இணைத்து 1988-இல் 'ஐ-எர்ன்' என்ற பள்ளிகளின் கூட்டு வலையமைப்பு தொடங்கியது. 1997-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 'கல்ச்சுரா' என்ற திட்டம் வந்தது. அமெரிக்க மாணவர்களும் பிரெஞ்சு மாணவர்களும் ஒரே சொற்களுக்கும் பாதியில் நிற்கும் ஒரே வாக்கியங்களுக்கும் அவரவர் தாய்மொழியில் பதில் எழுதினார்கள். பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விவாதித்தார்கள். ஐரோப்பாவில் 2017, 2018-இல் நடந்த 'எவாலுவேட்' ஆய்வு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயிற்சி ஆசிரியர்களை இப்படி இணைத்து, விளைவை அளந்தது. எனவே வழி ஏற்கெனவே போட்டிருக்கிறது. நம் ஊர்க் கல்லூரியில் அதை எப்படி நடத்துவது, எங்கே உடையும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் யாரோடு சேர்வது? ஆங்கிலம் என்றதும் லண்டனைத் தேடுகிறோம். அது தேவையில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பயிற்சி ஆசிரியருக்கு, பிள்ளைகள் ஏன் ஒரு குறிப்பிட்ட தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள் என்பது எளிதில் பிடிபடாது. நம்மைப் போலவே ஆங்கிலத்தை இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ கற்றுக்கொண்டு, அதையே கற்பிக்கப் போகிறவர்கள்தான் நமக்குச் சரியான கூட்டாளிகள். போலந்து, பிரேசில், ஜப்பான், இலங்கை, மலேசியா என்று எத்தனையோ நாடுகள் இருக்கின்றன. பெயர்பெற்ற பல்கலைக்கழகமாக இருக்க வேண்டியதும் இல்லை. மின்னஞ்சலுக்குப் பதில் போடுகிற ஒரு பயிற்றுநர் அங்கே இருந்தால் போதும். புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும் என்று காத்திருந்தால் ஒரு பருவம் போய்விடும். இரண்டு முதல்வர்களும் ஒப்புதல் தந்த ஒரு பக்கக் கடிதத்தோடு தொடங்கலாம்.

குழு அமைப்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஒருவருக்கு ஒருவர் என்று ஜோடி போட்டால், ஒரு பக்கத்தில் காய்ச்சலோ கல்யாணமோ வந்ததும் மறுபக்கத்தவர் அந்தரத்தில் நிற்பார். இரண்டுக்கு இரண்டு என நால்வர் குழு நல்லது. எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் மூன்றுக்கு இரண்டு. ஆறு பேரைத் தாண்டினால் இருவர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஒரு பயிற்றுநரால் ஆறு குழுக்களைத்தான் ஒழுங்காகக் கவனிக்க முடியும். அதனால் ஆங்கிலம் கற்பிக்கும் முறையை ('மெத்தட்') பாடமாக எடுத்த பன்னிரண்டு பேரோடு தொடங்கினாலே போதும். கல்லூரி முழுவதையும் முதல் ஆண்டிலேயே இழுத்துப்போட வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் அறிமுகம். இங்கே வேலூர்க் கோட்டை, ஸ்ரீபுரம், ஆம்பூர் பிரியாணி என்று படம் போட்டு அனுப்புவதுதான் வழக்கம். அவர்களும் தங்கள் ஊர்ச் சந்தையையும் தேவாலயத்தையும் அனுப்புவார்கள். இரண்டு பக்கமும் 'நைஸ்' போட்டுவிட்டு அத்தோடு பேச்சு நின்றுவிடும். அதற்குப் பதில் வகுப்பறையை அனுப்பச் சொல்லுங்கள். எத்தனை பிள்ளைகள், பெஞ்சு எப்படிப் போட்டிருக்கிறது என்று கையால் வரைந்த ஒரு வரைபடம். பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழிகள். ஒரு நாள் கால அட்டவணை. ஒரு பிள்ளையின் நோட்டிலிருந்து பெயரை மறைத்த ஒரு பக்கம். 'கல்ச்சுரா' முறையில் சில முடியாத வாக்கியங்களையும் சேர்த்துக்கொள்ளலாம்: 'சத்தமாக இருக்கும் வகுப்பு என்றால்…', 'வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளையிடம் ஆசிரியர்…', 'ஆசிரியருக்கு விடை தெரியாவிட்டால்…'. இந்தக் கடைசி வாக்கியத்துக்கு வரும் பதில்களை ஒன்றுக்கொன்று பக்கத்தில் ஒட்டிவைத்தால் ஒரு மணி நேரம் விவாதம் ஓடும்.

மூன்றாவது, நான்காவது வாரங்களில்தான் உண்மையான சரக்கு வருகிறது. இரண்டு பக்கமும் பிள்ளைகள் எழுதிய ஐந்து சிறு கட்டுரைகளைப் பெயர் நீக்கிப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பிறகு எல்லோரும் அதே ஐந்தையும் தனித்தனியாகத் திருத்த வேண்டும். உதாரணத்துக்கு, நம் பகுதி ஏழாம் வகுப்பில் சாதாரணமாகக் கிடைக்கும் வரிகள் இவை: "எஸ்டர்டே ஐ ஆம் கோ டு அங்கிள் ஹவுஸ். தேர் ஐ சா பிக் டாக். டாக் இஸ் பார்க்." நம் பயிற்சி ஆசிரியர்கள் சிவப்பு மையில் எல்லாவற்றையும் வட்டமிட்டு, மேலே சரியான வாக்கியத்தை எழுதி, பத்துக்கு மூன்று போடுவார்கள். கூட்டாளி நாட்டவர் வேறு மாதிரி திருத்தியிருந்தால் அங்கேதான் பேச்சு தொடங்கும். இந்த வரிகளில் எதைத் திருத்துவது, எதை இப்போதைக்கு விட்டுவைப்பது?

'பிக் டாக்' என்பதற்கு முன் 'ஏ' இல்லை, அடுத்து வரும் 'டாக்' முன் 'த' இல்லை. தமிழில் 'ஒரு' உண்டு, ஆனால் 'த' போல ஒன்று இல்லை. போலிஷ் மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் 'ஏ', 'த' போன்ற ஆர்ட்டிகிள்கள் அறவே கிடையாது. எனவே அந்த நாட்டுப் பிள்ளைகளும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். பிரேசில் பிள்ளைகளின் கட்டுரையில் கதை தலைகீழ். போர்ச்சுகீசிய மொழியில் ஆர்ட்டிகிள் தாராளமாக வருவதால், ஆங்கிலத்தில் தேவையில்லாத இடத்திலும் 'த' போடுவார்கள். இதைக் கண்ணால் பார்த்த பயிற்சி ஆசிரியருக்கு, தவறு என்பது கவனக்குறைவு அல்ல, தாய்மொழி விட்ட தடம் என்பது புரிந்துவிடும். எந்த வெபினாரும் இதை இவ்வளவு சுலபமாகப் புரியவைக்காது. 'ஐ ஆம் கோ' மட்டும் வேறு வகை. சின்ன வகுப்பில் 'ஐ ஆம்', 'ஐ ஆம்' என்று ஓயாமல் சொல்ல வைத்ததால், பிள்ளை அதை 'நான்' என்பதற்கான ஒற்றைச் சொல்லாகவே எடுத்துக்கொண்டது. இது நாம் கற்பித்த விதத்தால் வந்த தவறு. முதலாவதைப் பொறுமையாக ஆண்டுக்கணக்கில் சரிசெய்ய வேண்டும். இரண்டாவதை இந்த வாரமே எடுக்கலாம்.

உச்சரிப்பிலும் இப்படிப் பார்க்கலாம். 'இஸ்கூல்' என்று சொல்லும் நம் ஊர்ப் பிள்ளைக்கும், அதே ஒலிக்கு முன் ஓர் உயிரெழுத்தைச் சேர்க்கும் ஸ்பானிய மொழிப் பிள்ளைக்கும் சிக்கல் ஒன்றுதான். ஜப்பானியப் பிள்ளை உயிரை முன்னால் வைக்காமல் 'சு-கூ-ரு' என்று நடுவில் நுழைக்கும். முப்பது விநாடிக் குரல்பதிவுகளை வாட்ஸ்அப்பில் மாற்றிக்கொண்டால் போதும்.

ஐந்தாவது வாரத்திலிருந்து கூட்டுப் பாடத்திட்டம். 40 நிமிடப் பாடவேளைக்கு ஒரே திட்டத்தை நால்வரும் எழுதி, இரண்டு நாட்டிலும் நடத்த வேண்டும். இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் கட்டாயம் வரும், வரவும் வேண்டும். 'பிள்ளைகள் எழுந்து நடந்து, பத்துப் பேரிடம் கேள்வி கேட்டு விடையைக் குறித்துக்கொள்ளட்டும்' என்று கூட்டாளிகள் எழுதுவார்கள். அவர்கள் வகுப்பில் இருபது பிள்ளைகள், நகர்த்தக்கூடிய நாற்காலிகள். நம் வகுப்பில் நாற்பத்தைந்து பிள்ளைகள், நகராத நீள பெஞ்சுகள். எழுந்து நடக்கச் சொன்னால் ஐந்தாவது நிமிடம் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வாசலில் நிற்பார். திட்டத்தையே தூக்கிப்போடக் கூடாது. ஒன்று விட்டு ஒன்றாக பெஞ்சில் இருப்பவர்களைப் பின்பக்கம் திரும்பி உட்காரச் சொல்லி, நான்கு பேர் கேட்கும் விளையாட்டாக மாற்றலாம். அந்த மாற்றத்தையும் காரணத்தையும் எழுதிக் கூட்டாளிகளுக்கு அனுப்புவதுதான் பயிற்சியின் உயிர். நடத்திய பிறகு ஒரு முறை திருத்தி, வேறொரு பிரிவில் மறுபடி நடத்தினால் இன்னும் நல்லது. பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரப் பள்ளிப் பயிற்சி இருப்பதால், அதற்குள் இதைப் பொருத்திவிடலாம்.

பெரிய தடை மரியாதை. நம்மவர்கள் வெளிநாட்டவர் எழுதியதைக் குறை சொல்ல மாட்டார்கள். அவர்களும் நம்மைச் சொல்ல மாட்டார்கள். 'வெரி குட்', 'சூப்பர்' என்று ஓடும். 'கருத்துச் சொல்லுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் இதுதான் கிடைக்கும். மூன்று கேள்விகளைப் படிவமாகவே கொடுத்துவிட வேண்டும். இந்தத் திட்டத்தில் எந்த நிமிடத்தில் பாதிப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்? ஆசிரியர் சொல்லும் எந்தக் கட்டளை பிள்ளைகளுக்குப் புரியாது? ஒரே ஒரு படியை மட்டும் மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள், ஏன்? இவற்றுக்கு 'வெரி குட்' என்று பதில் எழுத வழியில்லை.

அடுத்தது மௌனம். மூன்று நாளாகப் பதிலில்லை என்றால் இந்தப் பக்கம் 'நம்மை மதிக்கவில்லை' என்று நினைப்பார்கள். அங்கே தேர்வு நடந்துகொண்டிருக்கும். தொடங்கும் முன்பே இரண்டு பக்க விடுமுறை, தேர்வு நாட்களையும் ஒரே தாளில் எழுதி எல்லோருக்கும் கொடுங்கள். 72 மணி நேரத்துக்குள் ஒரு வரியாவது பதில் போட வேண்டும், தவறினால் நான்காவது நாள் பயிற்றுநர்கள் தலையிடுவார்கள் என்ற விதி இருக்கட்டும். ஆங்கிலம் சரளமாக வருகிறவரே எல்லாவற்றையும் எழுதிவிடுவதும் நடக்கும். எழுதுபவர், நேரம் பார்ப்பவர், கேள்வி கேட்பவர், தொகுப்பவர் என்று வேலையைப் பிரித்து வாராவாரம் மாற்றுங்கள். செயற்கை நுண்ணறிவிடம் பாடத்திட்டம் எழுதி வாங்கினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழவழப்பான திட்டம்தான் வரும், விவாதிக்க ஒன்றும் இருக்காது. முதல் வரைவைக் கையால் எழுதிப் படம்பிடித்து அனுப்பச் சொல்வது பழைய வழி. ஆனால் வேலை செய்கிறது.

நேரலைச் சந்திப்பு எட்டு வாரத்தில் மூன்று முறை போதும். மற்றதெல்லாம் அவரவர் நேரத்தில் எழுத்தும் குரல்பதிவும். ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். அதுவே நல்ல அளவு. ஐந்து நிமிடம் ஒலிச்சோதனை, இருபத்தைந்து நிமிடம் குழுப் பேச்சு, பத்து நிமிடம் யார் எதை எந்தத் தேதிக்குள் முடிப்பது என்ற முடிவு. கேள்விகளை இரண்டு நாள் முன்பே அனுப்பிவிட வேண்டும்.

கடிகாரம் இன்னொரு கண்ணி. ஐரோப்பிய நாடுகள் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகின்றன. அக்டோபர் நடுவில் வார்சாவின் பகல் 1 மணி நமக்கு மாலை 4.30. நவம்பரில் அதே பகல் 1 மணி நமக்கு மாலை 5.30. குடியாத்தம், சோளிங்கர் பஸ் பிடிக்க வேண்டிய மாணவிகள் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். அமெரிக்கா மாற்றுவது மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும், அதாவது ஐரோப்பாவோடு ஒத்துப்போகாது. ஒவ்வொரு சந்திப்புக்கும் இரண்டு ஊர் நேரத்தையும் தேதியோடு எழுதுவதுதான் பாதுகாப்பு. மலேசியாவும் சிங்கப்பூரும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். இவற்றோடு இந்தத் தொல்லையே இல்லை.

கருவிகள் விஷயத்தில் கல்லூரிகள் செலவை இடம்மாற்றிச் செய்கின்றன. பெரிய ஸ்மார்ட் திரை வாங்குவார்கள், மைக் வாங்க மாட்டார்கள். படம் மங்கலானால் பேச்சு தொடரும், ஒலி உடைந்தால் கூட்டமே முடிந்தது. மடிக்கணினியின் உள் மைக் சீலிங் ஃபேன் சத்தத்தையும் வெறும் சுவரின் எதிரொலியையும்தான் அனுப்பும். ஒரே அறையில் நான்கைந்து பேர் தனித்தனிப் போனில் இணைந்து ஸ்பீக்கரையும் திறந்துவைத்தால் ஊளைச் சத்தம் கிளம்பும். குழுவுக்கு ஒரு போன், கம்பியுள்ள இயர்போன், வெவ்வேறு அறை. இது போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரமும் நெட்வொர்க்கும் போகும். அந்த வாரத்துக்கு வேண்டிய பேச்சைக் குரல்பதிவாக முன்பே அனுப்பிவைப்பதுதான் மாற்று ஏற்பாடு.

பிள்ளைகளின் முகம் தெரியும் காணொளியை வெளிநாட்டுக்கு அனுப்புவதை அறவே தவிருங்கள். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரைக் குழந்தைகளாகக் கொண்டு, பெற்றோர் ஒப்புதலை வலியுறுத்துகிறது. கரும்பலகை, ஆசிரியரின் குரல், பெயர் நீக்கிய நோட்டு ஆகியவையே நம் வேலைக்குப் போதும்.

இதுவரை ஆங்கிலத்தைச் சொன்னோம். எங்கள் பார்வையில் இந்தப் பகுதிக்கு இதைவிட அவசரமானது தமிழ் ஆசிரியர் பயிற்சி. தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் 2006-07-இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்கு நீதிமன்றம் வழியாக விலக்குகள் வந்தது தனிக்கதை. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பகுதிகளில் உருது பேசும் பிள்ளைகளும், பேரணாம்பட்டுப் பக்கம் தெலுங்கு பேசும் பிள்ளைகளும் தமிழ் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் இரண்டாம் மொழி. நம் பயிற்சிக் கல்லூரிகளோ தமிழைத் தாய்மொழியாகக் கற்பிக்கவே பயிற்சி தருகின்றன.

உருது வீட்டுப் பிள்ளைக்கு ண, ள, ழ மூன்றும் காதுக்கே புதியவை. க, க-வின் மூச்சொலி, ga, gha என்று தனித்தனி எழுத்து வைத்துப் பழகிய பிள்ளை, 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ஒரே 'க' மூன்று விதமாக ஒலிப்பதைக் கண்டு திகைக்கும். எழுத்தோட்டமே எதிர்த்திசை, நோட்டைத் திறப்பதும் மறுபக்கம். இந்தப் பிள்ளைக்கு மனப்பாடச் செய்யுளிலிருந்து தொடங்கக் கூடாது, பேச்சிலிருந்து தொடங்க வேண்டும். சிங்கப்பூரில் 2005-இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு இதைத்தான் பரிந்துரைத்தது: வகுப்பில் திருத்தமான பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுங்கள் என்று. இலங்கையில் சிங்களப் பிள்ளைகளுக்குத் தமிழ் இரண்டாம் தேசிய மொழியாகக் கற்பிக்கப்படுகிறது. ஆம்பூர்ப் பயிற்சி ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு இந்த இரண்டு நாட்டுத் தமிழ் ஆசிரியர்களிடமும் அனுபவம் இருக்கிறது, அவர்களுக்குச் சொல்ல நம்மிடமும் இருக்கிறது. கூட்டுவேலை தமிழிலேயே நடக்கும் என்பதால் மொழித் தயக்கமும் குறைவு.

ஒரு சின்ன எச்சரிக்கை. பாடத்திட்டத்தைப் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத்தான் திறக்கும். தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றுவிட்டது, நம் அலுவலகங்கள் பல இன்னும் மாறவில்லை. யூனிகோடில் எழுதி, கூடவே பி.டி.எஃப். ஒன்றும் வைத்து அனுப்புங்கள்.

கல்லூரி முதல்வர்களிடமும், ராணிப்பேட்டை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்திடமும் (டயட்), ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்திடமும் நாங்கள் கேட்பது அதிகமில்லை. இந்த எட்டு வார வேலைக்கு அகமதிப்பீட்டில் ஒரு பங்கு மதிப்பெண் ஒதுக்குங்கள். மதிப்பெண் இல்லாத வேலையை மூன்றாவது வாரத்தில் பயிற்சி ஆசிரியர்கள் கைவிட்டுவிடுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. மதிப்பெண்ணும் முடிந்த பாடத்திட்டத்தின் அழகுக்காக வேண்டாம். முதல் வரைவுக்கும் திருத்திய வரைவுக்கும் இடையில் என்ன மாறியது, ஏன் என்று எழுதுவதற்குக் கொடுங்கள். பொறுப்பேற்கும் பயிற்றுநருக்கு வாரம் இரண்டு பாடவேளை கால அட்டவணையிலேயே விடுவித்துக் கொடுங்கள். இப்போது இதையெல்லாம் மாலை வீட்டுக்குப் போன பிறகுதான் செய்ய வேண்டியிருக்கிறது. அறிக்கையில் எண்ணிக்கை காட்ட நடத்தும் பத்து வெபினார்களில் இரண்டைக் குறைத்தாலே இதற்கு நேரம் கிடைத்துவிடும்.

ஐரோப்பியக் கூட்டாளி என்றால் அக்டோபர் இரண்டாம் வாரம் தொடங்கி டிசம்பர் முதல் வாரத்தில் முடிப்பது வசதி. நம் காலாண்டு விடுமுறை முடிந்திருக்கும், அரையாண்டுத் தேர்வு தொடங்கியிருக்காது. நடுவில் தீபாவளிக்கு ஒரு வாரம் விட்டுக்கொள்ளலாம். அதற்கு ஜூலையிலேயே முதல் மின்னஞ்சல் போயிருக்க வேண்டும். ஆகஸ்டில் அவர்கள் கோடை விடுமுறையில் இருப்பார்கள், பதில் வராது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்றால் அவர்களது பள்ளி நாட்காட்டியைக் கேட்டு வாங்கிய பிறகே தேதி குறியுங்கள்.

இப்படிக்கு,
மொழி ஆசிரியர் பயிற்றுநர்கள் சிலர்,
வேலூர்.